குளிர் யாத்திரை

எங்கள் தெருவில் தேசத் தந்தையாக நிற்க என்னைக் கூப்பிட்டார்கள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. தலையில் முடி கிடையாது. முன்பல் போய்விட்டது. உடம்பில் சதை இல்லை. தாராவித் தோல் பட்டறையில் குனிந்து பை தைத்துத் தைத்துக் கூனும் விழுந்துவிட்டது.

"அண்ணாச்சி, உங்களுக்கு மேக்கப் செலவே இல்ல," என்றார் தமிழ் மன்றத் தலைவர்.

பேச வேண்டியதில்லை, நடித்தால் போதும் என்றார். அதனால் சரி என்றேன்.

பேசப் போவது என் மகள். தேசத் தந்தை பிறந்த நாளன்று அவர் வாழ்க்கையைத் தமிழில் சொல்ல வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் நடிக்க வேண்டும்.

மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. சான்பாடாவில் குடியிருக்கும் எங்கள் ஊர்க்காரப் பையன். அவனுக்கும் பிடித்திருந்தது. அவன் அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. போனில் ஒரு தடவை மகளோடு பேசியிருக்கிறார். வாயைத் திறந்தால் பாதி ஹிந்தி, எங்கள் வீட்டுக்குத் தமிழ் பேசுகிற பெண் வேண்டும் என்று சொல்லிவிட்டார். விழாவுக்கு வந்து அவள் பேச்சைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு.

என் மனைவிக்கு வேறு கவலை.

"சம்பந்தி வாற அன்னைக்குச் சட்டையில்லாமலா நிப்பிய?"

"அவரு அப்படித்தான் நின்னாரு."

"அவரு பொண்ணு பாக்க வந்தவுக முன்னால நிக்கல."



மகளுக்குத் தமிழ் படிக்க வராது. பழைய பாடப் புத்தகத்தை வைத்து நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவள் கேட்டதை ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு தனியாக உட்கார்ந்து, இது தமிழ் இல்லை, அது தமிழ் இல்லை என்று ஒவ்வொன்றாக மாற்றினாள். ரயில் போய்த் தொடர்வண்டி வந்தது. கோட்டு மேலங்கி ஆனது. வேறு என்ன மாற்றினாள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் வெயில். மேடைக்கு மேலே தகரம். பையன் வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள்.

மகள் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். அவர் சீமைக்குப் படிக்கப் போனார். நான் மன்றத் தலைவரின் கல்யாணக் கோட்டைப் போட்டுக் கழற்றினேன்.

"தென்னாப்பிரிக்காவில் அவரைத் தொடர்வண்டியிலிருந்து கீழே தள்ளினார்கள்."

பெஞ்சிலிருந்து விழுந்தேன்.

"எந்த ஸ்டேஷன்ல அண்ணாச்சி, தாதரா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தாதர்ல யாரும் தள்ள வேண்டாம்ல. கூட்டத்துல தானா வெளிய வந்துருவோம்," என்றது இன்னொரு குரல்.

நான் தரையில் கிடந்ததால் முன்வரிசை பேசியது காதில் விழுந்தது. பையன் அம்மா பக்கம் சாய்ந்தான்.

"தொடர்வண்டி மத்லப் என்னம்மா?"

"சும்மா இருல."

அடுத்து உப்பு. கம்பை எடுத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"பிறகு அவர் உப்பு எடுக்கக் குளிர் யாத்திரை போனார்."

எனக்கு விளங்கவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் என்னை முறைத்தாள். இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"குளிர் யாத்திரை!"

நான் சும்மா நின்றால் அவள் தப்பாகச் சொன்னது போல ஆகிவிடும். முன்வரிசை பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுங்கினேன். நடுங்கிக்கொண்டே மேடையைச் சுற்றினேன். முதுகில் வேர்வை ஓடியது. உப்பு அள்ளினேன். நடுங்கிய கையில் உப்பு நிற்கவில்லை.

"அண்ணாச்சிக்கு மலேரியா!" என்றார்கள். கூட்டமே சிரித்தது. மகள் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் சுதந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

மேடைக்குப் பின்னால் அவளைப் பிடித்தேன்.

"நான் தண்டி யாத்திரைன்னுதான ஏட்டி வாசிச்சேன்?"

"தண்டி ஹிந்திதானப்பா? குளிர். அவங்களுக்குப் பிடிக்காதேன்னு தமிழ்ல மாத்தினேன்."

"அது ஊர் பேரு."

"ஸ்கூல்ல டாண்டின்னாங்க! நீ தண்டின்னு வாசிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

என் மனைவி நடுவில் வந்தாள். எங்கள் ஊர்ப் பக்கம் தண்டி என்றால் பருமன்.

"எலும்பும் தோலுமா இருந்த மனுசனுக்குத் தண்டி எங்கேருந்து வந்துச்சு?"

பின்னால் யாரோ இருமினார்கள். பையனின் அம்மா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், பையன்.

"ஊர் பேரையா தமிழாக்கின?" என்று மகளிடம் கேட்டார்.

தலையாட்டினாள்.

"எனக்காகவா?"

"ஹாங் ஆன்ட்டி..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமா அத்தை."

அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபமா என்று தெரியவில்லை. பிறகு பையன் பக்கம் திரும்பினார்.

"ஏல, தொடர்வண்டின்னா என்னன்னு கேட்டியே. கல்யாணத்துக்குப் பொறவு இவகிட்டயே கேட்டுக்க."

என் மனைவி அழுதாள். நான் சட்டையைத் தேடினேன். கிடைக்கவில்லை.

பையனின் அப்பாவுக்கு மன்றத்தில் ஒரு சால்வை போட்டிருந்தார்கள். கனத்த சால்வை. அதை எடுத்து என் தோளில் போர்த்தினார்.

"மேடையில ரொம்பக் குளிருச்சுல்லா, சம்பந்தி."

வெயில் கொளுத்தியது. சம்பந்தி போட்டது. அவர்கள் பஸ் ஏறும் வரை நான் அதைக் கழற்றவில்லை.