பி.இ. நான்கு

எண்ணெய் நிறுவனப் பங்கு எதற்காவது எதிரே பி.இ. நான்கு என்று பார்த்தால் இன்றும் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறேன். பங்கின் விலையை, ஒரு பங்குக்குக் கிடைத்த ஆண்டு லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. பயப்பட அதில் ஒன்றுமில்லை.

அப்பா செம்பூர்ப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையில் காண்ட்ராக்டரிடம் வெல்டராக இருந்தார். கண் மங்கத் தொடங்கியதும், வெல்டிங்கை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். பி.எஃப். பணம் வந்தது. அதை நம்பித்தான் அவர் இனி வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். நான் இன்ஜினியர் என்பதால் எதில் போடலாம் என்று என்னைக் கேட்டார்.

லேபர் கேம்ப் குடியிருப்பில் எங்கள் வீட்டின் மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்து பட்டியல் போட்டேன். கடன் எவ்வளவு, டிவிடெண்ட் உண்டா, பி.இ. என்ன. எண்ணெய் நிறுவனம் ஒன்று நான்கில் நின்றது.

“நாலுன்னா?” என்றார் அப்பா.

“நாலு வருஷ லாபம் சேந்தா போட்ட துட்டு அளவுக்கு வந்துரும்பா. லிஸ்ட்லயே இதான் சஸ்தா, வெல கம்மி.”

“நாலு வருஷமும் இதே லாபம் வரணுமேட்டி. எங்க பிளாண்ட்ல இந்த வருஷம் ஷட்டவுனே எடுக்கல. ரிப்பேருக்குக்கூட பந்த் பண்ணாம ஓட்டுதானுவ. எப்பவும் இப்படியா ஓடும்?”

“வெல்டிங்க நீங்க பாத்தீங்க. இத நான் பாக்கேன்.”

அம்மா சிரித்தாள். “இஞ்சினியர்கிட்டயே வாதாடுதியளாக்கும்!” அப்பாவும் சிரித்தார். வாங்கினோம்.

ஒரு நாள்கூட நிறுத்த மனமில்லாமல் பராமரிப்பைத் தள்ளிப்போட்டு ஓட்டுகிறார்கள் என்றால் லாபம் உச்சத்தில் இருக்கிறது என்று பொருள். உச்ச லாபத்தால் வகுத்தால் எந்த விலையும் மலிவாகத்தான் தெரியும். என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. எதிரே உட்கார்ந்து ஒருவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறு ஆண்டு லாபம் சரிந்தது.

“இப்ப எதுல நிக்கி?”

“பதினாறுப்பா.”

“அப்பம் ஏறிருக்கு!”

“இல்லப்பா. வெல பாதியாயிட்டு. லாபம் அதவிடக் கீழ போயிட்டு. அதான் நம்பர் கூடுது.”

தலையாட்டினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த வாரம் ஆலையில் ஷட்டவுன் எடுத்தார்கள். காண்ட்ராக்டர் பழைய ஆட்களைக் கூப்பிட்டார். காலையில் அப்பா இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மறுபடி வெல்டிங் வேலைக்குக் கிளம்பினார். எங்கள் மாடியிலிருந்து இறங்க இரும்பு ஏணிதான். ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்துவிட்டே எடையை வைத்தார். பதினோரு படிகள். மேலே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.