ஆறு மணிக்கு வரவேண்டிய அலை

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கும்போதே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நில அதிர்வின் அலை எந்தெந்த நிலையத்தை எப்போது தொட்டது என்று பார்த்தால், நடுக்கம் எங்கே என்று தெரிந்துவிடும். கடலின் ஆழமும் தெரிந்தால் சுனாமி கரைக்கு வரும் நேரத்தைச் சொல்லலாம். இதைக் கற்றபிறகு வீட்டில் யாரையும் நான் மதிக்கவில்லை.

அப்பா மட்டும் அதை ரசித்தார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் ஊர் தம்போயிலிருந்து பஸ் ஏறி பொந்தியான் படகுத்துறைக்குத் தூண்டில் போடப் போவார். அந்தத் தூண்டில் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. திறந்தால் இன்னமும் இறால் வாடை. அப்பாவை மனசு தேடுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பெரிய நடுக்கம். சுமத்ராவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கரைக்கு எச்சரிக்கை இல்லை. நானாகவே கணக்குப் போட்டு, துறைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, ஆறு மணிக்குத் தண்ணி ஏறலாம். அதுக்குள்ள கெளம்பிருங்க."

"சரிம்மா. அஞ்சு மணி பஸ்ஸ புடிச்சிர்றேன்."

மதியம் பாதிச் சோற்றில்தான் உறைத்தது. கருவிகள் காட்டுவது உலக நேரம். எங்கள் நாட்டு நேரத்துக்கு எட்டு மணி நேரம் கூட்டவேண்டும், நான் கூட்டவில்லை; கணக்கில் வந்த ஆறு மணியை மாலை ஆறு என்று எடுத்துக்கொண்டேன். அலை வருவது மதியம் இரண்டு மணிக்கு. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்பா போனை எடுக்கவில்லை. மீன் ஓடிவிடுமாம், சத்தத்தை அடைத்துவைப்பார். காரை விரட்டினேன். வழியெல்லாம் லாரிகளைத் திட்டினேன், அழுதேன்.

போய்ச் சேரும்போது இரண்டுக்குப் பத்து நிமிடம். துறையில் அப்பா மட்டும். ரேடியோவில் நடுக்கச் செய்தி கேட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மற்றவர்களைத் தன் கடை மாடிக்கு ஏற்றிவிட்ட சாப்பாட்டுக் கடை பாய் என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"எத்தன தடவ கூப்பிடுறது லா! எம்மக ஆறு மணின்னு கணக்குப் போட்டிருக்கான்னு அசையாம உக்காந்திருக்காரு!"

அப்பாவின் கையைப் பிடித்துக் கடை மாடிக்கு இழுத்துப்போனேன். "தப்பு பண்ணிட்டேம்ப்பா, ரெண்டு மணிப்பா" என்று படியேறும்போதே அழுதேன். 

இரண்டு மணி தாண்டித் தண்ணீர் துறைப் படிக்கட்டில் ஒரு சாண் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். மாடியில் ஒரே சிரிப்பு.

"ஆறு மணி கணக்கு என்னாச்சு?" என்று பாய் என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அவ ரெண்டு மணின்னு சரியாத்தான் சொன்னா பாய். எனக்குத்தான் வயசாச்சு, மறந்துட்டேன்."