கம்பளியும் விசிறியும் ஏற்றிய வேன்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த வேனைக் கோடையில் வாடகைக்கு ஓட்டுகிறவனுக்கு ரோட்டைவிட வானத்தின் மேல்தான் கண் இருக்கும். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டியபோது நான் நிமிர்ந்தே பார்த்ததில்லை. இப்போது தண்டையார்பேட்டையில் வண்டியைக் கழுவும்போதே மேகம் தேடுகிறேன். லீவுக்குக் கிளம்பிப் பாதி வழியில் வெந்தோ நனைந்தோ போயிருக்கும் உங்களுக்கு இது சொல்லாமலே புரியும். தேசப்பனையும் கஸ்தூரியையும் ஏலகிரிக்குக் கூட்டிப்போனபோது நடந்ததைச் சொல்கிறேன்.

மூட்டை

தேசப்பன் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி கஸ்தூரிக்குச் சொல்லிவந்த பயணத்துக்கு அப்போதுதான் நேரம் வாய்த்தது. மீன் விற்கும் அவருக்கு வீசிங். எண்ணூர் ஆலைப் புகையை விட்டு நாலு நாள் நல்ல காற்று வாங்கட்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஆனால் நனையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் கம்பளி, குரங்குக் குல்லா, தார்ப்பாய், நைலான் கயிறு என்று ஏற்றிக்கொண்டே இருந்தார். மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் சின்ன மெஷினைத் துணியில் சுற்றி என்னிடமே கொடுத்தார். கஸ்தூரி ஒரு பனையோலை விசிறியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது, அனல்ல வேவப் போறோம், இந்தாளு ஐஸ் மலைக்கி மூட்ட கட்டிக்கினு கீறாரு!"

வெயில்

ஆம்பூர் தாண்டும்போது வேனின் கூரை தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. புளியமர நிழலில் நிறுத்தி, ஜன்னல்களில் ஈரத்துணி கட்டினோம். பேட்டரியில் ஓடும் ஃபேனைப் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கிடந்தோம். கஸ்தூரி மட்டும் கதவோரம் உட்கார்ந்து, தூரத்தில் நெளிந்த கானலையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரிகள் அதில் மிதந்து வந்தன, மிதந்து போயின.

"கிட்ட வராத கடலுண்ணா இது. பாத்துக்கினே இருக்கலாம், மீன் நாத்தமே இல்ல."

காற்று

மலைமேல் ஏரிக்கரையோரம் நிறுத்தியபோது சாயங்காலம். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. தேசப்பன் விரலை நனைத்துக் காற்றில் நீட்டி, "இன்னிக்கி மழ இல்ல மாமு" என்றார். வேன் பக்கவாட்டில் தார்ப்பாயைக் கூரையாகக் கட்டி, அதன் கீழே சோறு வடித்தோம்.

சாப்பிட உட்காரக்கூட இல்லை, மலைக்குப் பின்னாலிருந்து மேகம் உருண்டு வந்தது. காற்று தார்ப்பாயின் ஒரு முனையைப் பிய்த்தது. ஆலங்கட்டி கொட்டியது. கயிற்றைப் பிடிக்க ஓடிய புருஷனுக்கு உதவப் போன கஸ்தூரி தொப்பலாக நனைந்துவிட்டார். உள்ளே வந்ததும் மூச்சு விசில் போட ஆரம்பித்தது. மெஷினைச் செருகினேன். ஒரு முனகல் முனகி நின்றது. மத்தியானம் முழுக்க ஓடிய ஃபேன் பேட்டரியைக் குடித்திருந்தது.

என்ஜினை ஸ்டார்ட் செய்தேன். ஒருமுறை இருமி அணைந்தது. அடுத்த முறை பிடித்துக்கொண்டது, மெஷினும் உறுமியது. தேசப்பன் ஈரச் சட்டையோடு முட்டிபோட்டு, கஸ்தூரியின் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் ஆலங்கட்டிச் சத்தம், அதற்குக் கீழே அந்த மூச்சு. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மழை நைந்து தூறலாக ஆனபோது விசிலும் ஓய்ந்தது. மாஸ்க்கை விலக்கிய கஸ்தூரி முதலில் சொன்னது:

"யோவ், கடலுக்குச் சொல்ற ஜோசியத்த மலைக்கிச் சொல்லாத."

மேகம்

காலையில் கதவைத் திறந்தால் ஏரி இல்லை, மரம் இல்லை. வெள்ளையாக ஒரு மேகம் எங்களைச் சுற்றிக்கொண்டு நின்றது. கொஞ்சம் உள்ளே வந்து, படுக்கையைத் தொட்டுவிட்டு, அந்தப் பக்க ஜன்னல் வழியாகப் போனது. கஸ்தூரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி, ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்றார். உள்ளே வரச் சொல்ல வாயெடுத்த தேசப்பன், சொல்லாமல் டீ தம்ளரோடு பக்கத்தில் போய் நின்றார். "இன்னாமே, மூச்சு எப்டி கீது?"

"நம்ம வூட்ல மூச்ச நான் இஸ்து வாங்குனாதான் வரும். இங்க அதுவா வந்து போவுதுய்யா."

ஒரு கோடைப் பயணம் நல்லபடியாக முடிந்தால், அதில் என் சாமர்த்தியம் கால்வாசிகூடத் தேறாது, மிச்சமெல்லாம் வானமாகப் பார்த்துப் போட்டது.