கமலாசனியின் வலக்கால்

முரசுமோட்டையில் கமலாசனி அறியாத இடுப்புக் கிடையாது. வயல் செய்கிற கமக்காரன் இடுப்பு, கடைக்காரன் இடுப்பு, பள்ளிக்கூட வாத்தியாரின் இடுப்பு, எல்லாம் அவள் காலடியில் கிடந்து எழும்பியவைதான். அவள் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னுக்கு வந்து, காலால் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் தடவினால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது ஊர் நம்பிக்கை. பிறந்த ஊரான கரவெட்டியில் இருந்தவரை இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அங்கே காலால் பிறந்தவர்கள் வேறும் இருந்தார்கள். புருசன் தில்லைநாதனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வன்னிக்கு வந்த பிறகுதான், அந்தப் பக்கம் முழுவதற்கும் அவள் ஒருத்திதான் என்று தெரிந்தது.

காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும். முற்றத்தில் சாக்கை விரித்துக் குப்புறப் படுக்கவேண்டும். அவள் மால் கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு, இடக்காலை ஊன்றி, வலக்குதியால் இடுப்பிலிருந்து கீழே மூன்றுதரம் இழுத்துவிடுவாள். படுத்திருக்கிறவர் உடம்பை இறுக்கினால் சும்மா விடமாட்டாள். "பயப்படாமல் மூச்சை விடுங்கோ. நான் என்ன மாடே, மிதிச்சுக் கொல்லுறதுக்கு?" என்று பகிடி பண்ணுவாள். எழும்புகிறவருக்குத் தேத்தண்ணியும் கிடைக்கும்.

தில்லைநாதன் பாம்பு கடித்துச் செத்தபோது அவளுக்கு நாற்பது வயது. பிள்ளை இல்லை. அன்றோடு அவள் வெள்ளைச் சேலைக்காரி. கலியாண வீட்டில் பின்னுக்கு இருப்பவள். ஒருவர் நல்ல காரியமாக வெளிக்கிடும்போது அவள் எதிர்ப்பட்டால், அவர் வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒரு மிடறு தண்ணீர் குடித்து, இருந்து எழும்பித்தான் மறுபடி புறப்படுவார். அதே ஆளுக்கு இடுப்புப் பிடித்துவிட்டால் முதல் வேலையாக அவள் வேலிப் படலையில் நிற்பார். இதை நினைத்து அவள் ஒருநாளும் ஒருத்தரையும் குறை சொன்னதில்லை. சொல்லுகிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அவளோ, றோட்டில் யாராவது உடுத்துப் புறப்பட்டு வருவதைக் கண்டால் தானாகவே மாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள்.

இந்தச் சகுனக்காரர்களுக்கு எல்லாம் பெரிய ஆள் மயில்வாகனம். இரண்டு வீடு தள்ளி இருப்பவன், பரந்தனில் நெல்லு மில்லில் மூட்டை தூக்குகிறவன். மூட்டை தூக்குவதால் இடுப்பும் அவனுக்குத்தான் அடிக்கடி பிடிக்கும். அவளைக் கண்டு திரும்பிப்போனதும் அவன்தான் அதிகம், அவள் சாக்கில் படுத்ததும் அவன்தான் அதிகம்.

அப்படி இருக்கையில்தான், காலபோக நெல்லு வெட்டு முடிந்த ஒரு பங்குனியில், கமலாசனிக்கே இடுப்பு நோகத் தொடங்கியது. இடப்பக்கம், முள்ளந்தண்டு முடிகிற இடத்தில். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. நொச்சி இலை அவித்து ஒத்தடம் பிடித்தாள். எண்ணெய் பூசினாள். ஊருக்கெல்லாம் மிதித்த காலுக்குத் தன் இடுப்பு எட்டவில்லை. ஆனால் நோவைவிட அவளை வாட்டியது வேறொன்று. இந்தக் கால் இல்லாவிட்டால் தன் படலையை யார் திறக்கப்போகிறார்கள்?

நல்லூருக்குக் கும்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினாள். போன இடம் ஆசுப்பத்திரி. டாக்குத்தர் படம் பிடித்துப் பார்த்து, இடுப்பு மூட்டில் அழற்சி என்றார். மூட்டுக்குள்ளேயே ஏற்றுகிற புது மருந்து ஒன்று வந்திருக்கிறது, கோட்டிசோன் என்று பெயர், போட்டால் குறையும் என்றார். என்ன வேலை செய்கிறனீங்கள் என்று கேட்டபோது வயல்வேலை என்று மட்டும் சொன்னாள். அவர் விடவில்லை. ஒற்றைக் காலில் பாரம் விட்டு நிற்கிற வேலை ஏதும் உண்டா என்று கிண்டிக் கிண்டிக் கேட்டார். கடைசியில் சொல்லிவிட்டாள். சிரிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

"ஊசி போடுறன் அம்மா. ஆனால் இனி ஒற்றைக் காலிலை நிக்கப்படாது. நிண்டால் இந்த நோ திரும்பி வரும்."

ஊசி போடக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். படுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, இத்தனை வருசத்தில் தான் இப்படிக் கிடந்ததே இல்லை என்று. கன்னம் மேசைச் சீலையில் அழுந்த, இடுப்புத் திறந்திருக்க, பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் கிடப்பது எவ்வளவு பொல்லாதது! அவள் உடம்பு தானாக இறுகியது. "பயப்படாமல் மூச்சை விடுங்கோ" என்றாள் தாதி. கமலாசனிக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதலில் விறைக்கிற மருந்து, பிறகு ஆழத்தில் ஊசி. தேக்கங்கட்டைக்குள் ஆணி இறங்குவதுபோல் ஓர் அழுத்தம், அவ்வளவுதான்.

எழும்பினால் நோவே இல்லை. இரண்டொரு நாள் நோக்கூடும், பிறகு நோ வாங்கிக் குறையும் என்று தாதி சொன்னது அவள் காதில் பாதிதான் ஏறியது. பஸ்ஸில் ராசாத்திபோல நிமிர்ந்து இருந்து வந்தாள். விறைப்பு இறங்கியதும் ஐயோ, என்ன நோ அது! விடிய, போனதற்கு இரட்டிப்பாய்ப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆசுப்பத்திரிக்குப் போனதில் கால் கோபித்துக்கொண்டது என்றே நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் படலையில் மயில்வாகனம், வில்லாய் வளைந்தபடி. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பலாம். நாளைக்கு என்ன சொல்வது? வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"தம்பி, நான் ஆசுப்பத்திரிக்குப் போய் என்ரை இடுப்புக்கு ஊசி போட்டனான். இனி ஒற்றைக் காலிலை நிக்க ஏலாது."

அவன் வளைந்தபடியே உள்ளே போனான். குசினியிலிருந்து கதிரையைத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தான்.

"இருங்கோ அக்கா. பலன் காலுக்கெல்லே, நிக்கிறதுக்கே?"

இருந்தபடி தடவினாள். அவன் எழும்பி, விட்டுவிட்டது என்று வழக்கம்போலச் சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். கமலாசனிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அடுத்தநாள் அவன் மில்லுக்குப் புறப்பட்டு வருகையில் அவள் ஒதுங்காமல் றோட்டில் நின்றுவிட்டாள். அவளைக் கண்டதும் அவன் திரும்பி வீட்டுக்குப் போனான், தண்ணீர் குடிக்க. கதிரை காலைத்தான் காப்பாற்றியது, அவளை அல்ல. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நோ மெல்ல மெல்ல வாங்கியது. பிறகு இல்லாமலே போயிற்று. அவள் கிணற்றுத் துலாவில் தண்ணீர் அள்ளுவதையும் குனிந்து முற்றம் கூட்டுவதையும் மயில்வாகனம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பிடிப்போ விட்ட கையோடு திரும்பி வந்து, இப்போது தொடைவரைக்கும் இழுத்தது.

சித்திரையில் ஒரு காலை. வெள்ளை வேட்டி, சேட்டு, கையில் குடையோடு அவன் வருவதைக் கண்டு அவள் மாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். காலடி படலையில் நின்றது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். அவள் மரத்துக்குப் பின்னாலிருந்தே என்ன என்றாள். தானும் அந்த டாக்குத்தரிடம் போவதாகச் சொன்னான். ஊசி நோகுமா என்று கேட்டான். நோகும், அடுத்தநாள் இன்னும் நோகும், பிறகு வாங்கும் என்று தாதி சொன்னதை முழுதாகச் சொன்னாள். அவன் போகவில்லை.

"நீங்களும் வாங்கோவன் அக்கா."

"நீ வெளிக்கிட்ட நேரம் நான் எதிர வந்தால் சரியில்லை, தம்பி."

மூட்டை தூக்குகிற அந்தப் பெரிய மனுசன் குடைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"எதிர வரவேண்டாம். முன்னாலை நடவுங்கோ. அங்கை எந்த வாசலெண்டு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக்கிடக்கு."

அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து படலையைச் சாத்தினாள். மயில்வாகனத்தின் பெண்சாதி வாசலுக்கு ஓடிவந்து வாயில் கைவைத்தபடி நின்றாள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கிப் பார்த்தார். கமலாசனி ஒருவருக்கும் ஒதுங்கவில்லை. பஸ் நிற்கிற சந்திவரைக்கும் அவள் முன்னால் நடந்தாள், அவன் நொண்டி நொண்டிப் பின்னால் வந்தான்.