துடைத்துப் போட்ட கறுப்பு

சில பாக்டீரியாக்கள் குளத்துச் சேற்றில் இருந்துகொண்டு, தங்கள் உடம்புக்குள்ளேயே இரும்பைக் காந்தத் துகள்களாக்கி வைத்துக்கொள்கின்றன. அத்தனையும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த அளவைப் பார்த்துக்கொள்வது ஒரு புரதம். அதை மட்டும் தனியே எடுத்து, குடுவையில் இரும்புக் கரைசலோடு சேர்த்து, அதே மாதிரித் துகள்களைச் செய்ய வேண்டும். ஜோகூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை அதுதான். சொல்வதற்கு எளிது. செய்வதற்குள் உயிர் போய்விடும்.

அதைச் செய்துகொண்டிருந்தவர் பாலோ என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அக்கா, முதுகலை ஆய்வு மாணவி. நான் அவருக்குப் பக்கத்து மேசை. புரதம் ஒழுங்காகக் கிடைக்கவே அவருக்கு வெகுகாலம் ஆனது. கிடைத்த பிறகு இரும்பு துருப்பிடித்துப் பழுப்பானது. காந்தத் துகள் என்றால் கறுப்பாக இருக்க வேண்டும். இன்னொரு முறையும் வரவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் அக்காவுக்கு வேலை தயாராக இருந்தது. போக அவருக்கு மனமே இல்லை.

கரைசலை மேலிருந்து ஒரு கண்ணாடித் துடுப்பால் கலக்குவதுதான் எங்கள் வழக்கம். அந்தக் கடைசி முயற்சியன்று பார்த்து அதன் மோட்டார் மக்கர் செய்தது. பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வேறொரு கலக்கியை இரவல் வாங்கி வந்தோம். குடுவைக்குள் ஒரு சின்னக் காந்தக் கட்டையைப் போட்டால், அடியில் இருக்கும் தட்டு அதைச் சுழற்றும். வெள்ளையாக இருக்க வேண்டிய கட்டை, பலர் கைபட்டு ஏற்கெனவே அழுக்கேறிக் கிடந்தது.

வேலை முடிந்தபோது கரைசல் தெளிந்த தண்ணீராக இருந்தது. அக்கா அதைக் கழிவுக் கலனில் ஊற்றினார். பிறகு கட்டையை எடுத்து டிஷ்யூவால் அழுத்தித் துடைத்தார்.

“அலமாக், எவ்ளோ அழுக்கு பாரு. கழுவாமயே குடுத்திருக்காங்க லா.”

நானும் சேர்ந்து பக்கத்து அறைக்காரர்களைத் திட்டினேன். திட்டுவதற்கு யாராவது கிடைத்ததே அன்று எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

அக்கா படிப்பை நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தொழிற்சாலை வேலையில் சேர்ந்தார். அவர் எடுத்து வைத்த புரதம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த வேலை என் தலையில் விழுந்தது. மோட்டார் அப்போதும் சரியாகவில்லை. எங்கள் இடத்தில் எதுதான் உடனே சரியாகியிருக்கிறது? புதுக் காந்தக் கட்டை ஒன்றைப் போட்டுக் கலக்கினேன். மறுபடியும் தெளிந்த தண்ணீர். கட்டையை வெளியே எடுத்தேன். கன்னங்கரேலென்று இருந்தது.

காந்தத் துகளை, போயும் போயும், காந்தத்தை விட்டுக் கலக்கியிருக்கிறோம். உருவான அத்தனையையும் கட்டை தன்மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் துகள்கள் எல்லாம் ஒரே அளவு. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. சாயங்காலம் மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில், பேருந்தில் நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, உங்களுக்கு வந்திருந்துச்சு. அன்னைக்கு நீங்க துடைச்சீங்கல்ல, அது அழுக்கு இல்ல கா.”

வண்டிச் சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டார்:

“நல்ல கறுப்பா?”

“நல்ல கறுப்பு கா. எல்லாம் ஒரே சைஸ்.”

“எனக்கு வேலை தெரியலன்னு நெனச்சு மனச தேத்திக்கிட்டேன்,” என்றார். “இத ஏன்டி இப்ப சொன்ன?”