எங்கள் பங்குக்கு வராத போலந்து மாதா

மரக்காணத்துக்கு நான் உப்பளம் பார்க்கப் போகவில்லை. ஒரு மாதா படத்தைக் கேட்டு வாங்கி வரப் போனேன். 2006 மார்ச், தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை.

என் தங்கை கணவர் சிகாகோவில் இருக்கிறார். அவர் பூசைக்குப் போன கோயில், இறைச்சி ஆலைகளில் வேலை செய்ய வந்த போலந்துக்காரர்கள் கட்டியது. ஏற்கெனவே இருந்த கோயிலில் புரியாத பாஷையில் பிரசங்கம், உட்காரக் கடைசி வரிசை. ரோஷம் வந்து, கூலியில் மிச்சம் பிடித்துத் தங்களுக்கென்று ஒன்றை எழுப்பி, சொந்த நாட்டின் கறுப்பு மாதாவை வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் படித்து வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். பூசைக்கு ஆள் இல்லாமல் போனதும் கோயிலை மூடி, பொருள்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். பக்கச் சுவரில் இருந்த சிறிய மாதா படம் மச்சானுக்குக் கிடைத்தது.

புதுச்சேரியில் எங்கள் பங்குக் கோயிலுக்குத்தான் தருவார் என்று நம்பி, பங்குப் பேரவையில் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். அவரோ, சுனாமி நிவாரணத்துக்கு வந்தபோது பார்த்த ஓர் உப்பளத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. போனில் சண்டையே போட்டேன். "அவங்க குடுத்தா வாங்கிக்கோங்க மச்சான்" என்று முடித்துக்கொண்டார்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம். பொம்மையார்பாளையம் தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும். மரக்காணத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், முப்பது ரூபாய்.

"கறுப்பு மாதா கோயிலா சார்? இப்பப் போனா யாரும் இருக்க மாட்டாங்க. எல்லாரும் உப்புப் பாத்தியில இருப்பாங்க. சாயங்காலமாப் போங்க" என்றார் ஓட்டுநர். இரண்டு கோபுரம் உள்ள எங்கள் கோயிலுக்கே ஆட்டோக்காரர்களுக்கு வழி சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு அதற்குள் பெயர் பரவிவிட்டது.

நாலரை மணிக்கு உப்பளத்திலிருந்து பெண்கள் திரும்பினார்கள். கோயில் என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. உப்பு படிந்த சேலையோடு டவுன் கோயிலில் முன்னால் உட்காரக் கூச்சப்பட்டு, இங்குள்ள முப்பது உப்பளக் குடும்பங்கள் தாங்களே கட்டிக்கொண்டது. சாவி வைத்திருந்த செசிலி அக்கா கதவைத் திறந்தார். முதல் வேலையாகத் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, கண்ணாடிக்கு மேலே மாதாவின் கன்னத்தில் தடவினார். அங்கே இரண்டு நீளக் கோடுகள் இருக்கும்.

"என்னக்கா பண்றீங்க?"

"உப்பு கடிச்சு வெடிச்சிருக்கு பாருங்க சார். எங்களுக்கும் இப்படித்தான்" என்று தன் பாதத்தைக் காட்டினார்.

எனக்குக் குஷி. இவர்களுக்குப் படத்தின் வரலாறே தெரியவில்லை! அது வெடிப்பு அல்ல, பழைய காலத்தில் கொள்ளையர்கள் வாளால் வெட்டிய தழும்பு என்று போலந்துக்காரர்கள் சொல்லும் கதையை விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அய்யோ பாவம். வெட்டுன்னாலும் எண்ணெய் தடவுனா நல்லதுதானே சார்" என்று இன்னொரு தரம் தடவினார்.

பிறகு, வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "உங்க கோயில்ல எங்க வைப்பீங்க?" என்றார்.

"உயரமா, கண்ணாடிப் பெட்டியில. பூட்டி பத்திரமா வைப்போம்."

"அப்ப யாரு எண்ணெய் தடவுவாங்க?"

எங்கள் பங்கில் ஆயிரம் பேர் இருக்கிறோம். ஒரு பெயர்கூட என் வாயில் வரவில்லை. படத்தைக் கேட்பதை அதோடு விட்டேன். பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள், கூடிவிட்டது. முன்பு படத்தின் மேல் இருந்தது, இப்போது செசிலி அக்காவின் விரல் மேல்.

"நான் ஒரு தடவை தடவட்டுமா?" என்றேன்.

"இன்னிக்கு எங்க வீட்டு முறைங்க. வீட்டுக்கு ஒரு நாள்னு வெச்சிருக்கோம். வேணும்னா கூட்டத்துல கேட்டுச் சொல்றேன்."

போக விரும்புகிறவர்கள் ஜனவரியிலிருந்து ஆகஸ்டுக்குள் போங்கள். மழைக்காலத்தில் பாத்தி முழுக்கத் தண்ணீர்தான். மாலை நாலரைக்கு முன் கோயில் திறக்காது. தொப்பியும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் நிழல் கிடையாது.

நான் என் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாதமாகிறது. இன்னும் என் முறை வரவில்லை.