பெண் பார்க்கப் போன பிரிக் கேம்

போன மாதம் இரண்டு வீடியோ கேம்கள் ஆடி முடித்தேன். ஒன்றில் விவசாயம். தக்காளி நட்டுவிட்டுக் கை கழுவி வருவதற்குள் காய்த்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாராட்டிவிட்டும் போகிறார். இன்னொன்றில் ஒரு வீரன், உலகத்தைக் காப்பாற்றப் போகிற அவசரத்திலும் வழியில் கிடக்கிற பெட்டியை எல்லாம் திறந்து பார்க்கிறான். இரண்டைப் பற்றியும் ஆபீஸ் நண்பர்களுக்கு நாலு வரி எழுதி அனுப்பினேன். யாரும் கேட்கவில்லைதான். ஆனால் ஆடி முடித்ததைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இந்த வியாதி எனக்கு ஒன்பது வயதில், ஆம்பூரில் பிடித்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்மாவின் தம்பி, என் மாமா, வாங்கி வந்த பிரிக் கேம்தான் நான் ஆடிய முதல் ஆட்டம். கையில் அடங்குகிற பெட்டி. மேலிருந்து கட்டைகள் விழும். பட்டனைத் தட்டித் திருப்பி, சந்து விடாமல் அடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் உண்டு என்று அட்டையில் போட்டிருந்தது. நான் எண்ணிப் பார்த்ததில் எட்டு.

மாமாவுக்கு ஷூ கம்பெனியில், கட்டிங் செக்‌ஷனில் வேலை. விரித்த தோலின்மேல் இரும்பு அச்சுகளை நெருக்கி வைத்து, வடுவும் ஓட்டையும் படாமல், துண்டு வீணாகாமல் மிஷினில் வெட்டி எடுக்க வேண்டும். அதனால் பிரிக் கேமை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. "இதுல இன்னா கஷ்டம்? தோலுன்னா ஓட்டை இருக்கும், வடு இருக்கும். இது சும்மா வெறும் எடம்" என்பார். அந்த வருஷம் அந்த மிஷின் அவருடைய வலது கட்டைவிரலின் மேல்பாதியை எடுத்துக்கொண்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த நாட்களில்தான் பிரிக் கேம் வந்தது. எனக்கென்று வாங்கினார், ஆடியது அவர். பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்துப் பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன்.

விரல் போன பிறகு இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. முதல் வீட்டில் கையைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டாவது வீட்டில் யோசிக்கக்கூட இல்லை. முப்பதைத் தாண்டியிருந்த மாமா, இனி பெண் பார்க்கிற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவின் அக்காவான என் பெரியம்மா விடவில்லை. வேலூரில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, இந்தத் தடவை விரலைக் காட்டப்போவதில்லை என்று முடிவெடுத்தாள். மாமா வலது கையில் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டியது. கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். அம்மாவுக்கு இதில் மனசில்லை. ஆனால் பெரியம்மாவை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்குமே கிடையாது.

பஸ் ஏறுவதற்கு முன்னால் பெரியம்மா என் காதைப் பிடித்தாள். "தா பாரு, மாமா கையப் பத்தி யாரு கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது. வாயத் தொறந்தே, தோல உரிச்சிடுவேன்."

மாமா என்றால் எனக்கு உயிர். அவர் கல்யாணமே என் வாயில்தான் இருக்கிறது என்று தோன்றியதும் பெருமை தாங்கவில்லை.

அந்த வீட்டில் முதலில் ஜெபம். பெண்ணின் அப்பா ரிடையரான வாத்தியார். ஒன்றையும் விட்டுவிடாமல் நிதானமாக ஜெபித்தார். மாமா கண்களை மூடி, கைகளைக் கோத்து, மேலே கைக்குட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர்கள் பேச ஆரம்பித்ததும் நான் பிரிக் கேமை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன். பட்டுப்புடவையில் அந்த நர்ஸ் அக்கா தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாப்பா அது, கையில?"

கொடுத்தேன். இரண்டே நிமிஷத்தில் கட்டைகள் கூரை வரை ஏறிவிட்டன. "அய்யய்யோ, அவ்ளோதானா? எப்படி ஆடறதுன்னு நீ காட்டு" என்றார்.

நான் பெட்டியைத் தொடைமேல் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டேன். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் பட்டனைத் தட்டினேன்.

"ஏன் கட்டைவிரல மடக்கி வெச்சிருக்க? அடி பட்டுச்சா?"

"இல்லக்கா, இப்படித்தான் ஆடணும். எங்க மாமா இப்படித்தான் ஆடுவாரு."

அவர் என் கையை எடுத்து, மடங்கியிருந்த விரலைப் பிரித்துப் பட்டன்மேல் வைத்துப் பார்த்தார். அது தப்பு என்று சொல்லி மறுபடி மடக்கிக்கொண்டேன். அந்த அக்கா மடங்கிய விரலையே பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அவருக்கு இன்னும் வலி இருக்கா?" என்று கேட்டார்.

நான் உஷாராகிவிட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அடுத்து காபி வந்தது. அந்த அக்கா எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மாமா முன்னால் வந்து நின்றார். மாமா இடது கையை நீட்டினார். அந்த அக்கா டம்ளரைக் கொடுக்கவில்லை.

"சோத்துக் கையில வாங்கிக்குங்க. பரவால்ல. நான் ஆப்பரேஷன் வார்டுலதான் வேல பாக்கறேன்."

பெரியம்மா "அது வந்தும்மா..." என்று ஆரம்பித்தாள். மாமா கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்தார். நாலரை விரலால் டம்ளரை வாங்கினார். காபி தளும்பி வேட்டியில் கொட்டியது. "எனக்குச் சம்மதம்ப்பா" என்று சொல்லிவிட்டு அந்த அக்கா உள்ளே போய்விட்டார். அவருடைய அப்பா விரலைப் பார்த்தார், மகள் போன திசையைப் பார்த்தார், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு முறை ஜெபம் செய்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா என்னை விடவில்லை. "நீதான சொன்ன?" என்று தொடையில் கிள்ளினாள். சத்தியமாகச் சொல்லவில்லை என்று அழுதேன். செய்யாத குற்றத்துக்குக் கிள்ளு வாங்குவதைப்போல ஆத்திரம் வருகிற விஷயம் வேறில்லை. மாமா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "உள்ள இன்னாடி பேசினீங்க?" என்று கேட்டார்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொன்னேன். "ஒண்ணும் பேசல மாமா. அந்த அக்காவுக்கு ஆடவே வரல. நீ ஆடற மாதிரியே ஆடிக் காட்டினேன். அப்பவும் கேமைப் பாக்கவே இல்ல. என் கட்டைவிரலையே புடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கிக் குலுங்கி அழுதார். கட்டிக்கப்போகிற பெண்ணுக்கு பிரிக் கேம் வரவில்லை என்பதற்காக ஒரு பெரிய ஆள் இப்படி அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாவமாக இருந்தது. "போகப் போகக் கத்துக்குவாங்க மாமா" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.